பேகம் சம்ருவின் மாளிகை: இல்லம் அங்காடியான வரலாறு

மீரட்டுக்கு அருகிலுள்ள சர்தானாவை ஆண்டு 1836இல் மறைந்த பேகம் சம்ரு, தில்லி சாந்தினி சௌக்கில் எழுப்பிய மாளிகை இன்று ‘பகீரத் பேலஸ்’ என்னும் மின்பொருள் சந்தையின் நடுவே நிற்கிறது. பழைய தில்லியின் ஹவேலிகள் தெருவுக்கு மதிலைக் காட்டி, உள்முற்றத்தை நோக்கி அமைந்தவை. இம்மாளிகையோ கிரேக்கப் பாணித் தூண்வரிசையுடன் புறத்தே தோட்டத்தை நோக்கியது. உயர்ந்த தூண்களின் அளவும் ஒழுங்கும் சற்றுத் தொலைவில் நிற்போர்க்கே புலப்படும். ஆகவே தோட்டம் வெற்றிடமன்று. இக்கட்டடக்கலையின் ஓர் உறுப்பாகும். 1844இல் தாமஸ் மெட்காஃப் தொகுத்த தில்லி ஓவியத் தொகுப்பிலும் இம்மாளிகை இடம்பெற்றுள்ளது.

பேகத்தின் மறைவுக்குப் பின்னர் மாளிகை தில்லி வங்கியின் உடைமையாயிற்று. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் வங்கி தாக்கப்பட்டு, அதன் மேலாளர் பெரெஸ்ஃபோர்டு குடும்பத்துடன் கொல்லப்பட்டார், கட்டடம் எஞ்சியது. பின்னர் அது லாயிட்ஸ் வங்கியிடமும், 1940இல் பகீரத் என்னும் வணிகரிடமும் சென்றது.

வங்கிக்குத் தூண்களின் மிடுக்குப் பொருந்தியது. சில்லறை வாணிகத்துக்கு வேண்டியவையோ தெருமுகப்பும் சுவர்ப்பரப்பும் ஆகும். எனவே தோட்டப்பரப்பு கடைகளால் நிறைந்தது. விளம்பரப் பலகைகளும் மின்கம்பிகளும் முகப்பை மறைத்தன. கிளர்ச்சியால் அழியாத மாளிகை, நெருக்கத்தால் பார்வையினின்றும் மறைந்தது. 2022 நவம்பரில் இச்சந்தையில் மூண்ட பெருந்தீ அந்நெருக்கத்தின் இடரையும் உணர்த்திற்று. சுவரை மட்டும் காப்பது போதாது. அதனைக் காண்பதற்குரிய வெளியையும் காத்தலே முழுமையான மரபுப் பாதுகாப்பாகும்.