சத்தம் வேறு, வேகம் வேறு: சின்ன பைக்குகளின் கதை

நம் குடியிருப்பின் சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் பராமரிப்பு எல்லாம் முடிந்து கடைசியாக வந்த விஷயம் பைக் சத்தம். இரவு பதினொரு மணிக்குப் பிறகு பார்க்கிங்கில் நுழையும் சில வண்டிகளால் கைக்குழந்தைகள் தூக்கத்திலிருந்து எழுந்துவிடுகின்றன என்று தாய்மார்கள் சொன்னார்கள். "சைலன்சர் மாத்தினாத்தான் சார் பிக்கப் வரும்" என்று ஒரு தம்பி பதில் சொன்னார். கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. முடிவு எதுவும் எடுக்காமல் கலைந்தோம்.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. கல்லூரி நாளில் செகண்ட் ஹேண்டில் ஒரு ஆர்.எக்ஸ்.100 வாங்கி நானும் அதே வேலையைச் செய்தவன்தான். சைலன்சருக்குள் இருக்கும் உள்குழாயை உருவி எறிந்துவிட்டு பீச் ரோட்டில் பறந்தேன். பறந்ததாக நினைத்துக்கொண்டேன். இரண்டு வாரத்தில் வண்டி இழுக்கவில்லை, பெட்ரோலும் கூடுதலாகக் குடித்தது. மெக்கானிக் அண்ணாச்சியிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் ஒரு முறை முறுக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, சத்தம்தான் கூடியிருக்கு, வேகம் கொறைஞ்சிருக்கு. அந்தக் கொழாய எங்க போட்ட?" என்றார்.

அவர் சொன்னதில் எவ்வளவு சரித்திரம் அடங்கியிருக்கிறது என்பது பின்னால் படித்தபோதுதான் புரிந்தது. அதைத்தான் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரு குழாயின் ரகசியம்

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதே ஆண்டில் ஐரோப்பாவில் ஒரு சின்ன எஞ்சின் உலகத்தையே ஆச்சரியப்படுத்திக்கொண்டிருந்தது. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். கம்பெனி செய்த 125 சிசி டூ ஸ்ட்ரோக் பந்தய எஞ்சின் அது. அதன் சக்தி 25 குதிரைத்திறன். இருபத்து நான்கு ஆண்டு கழித்து, 1985-ல் நம் ஊருக்கு வந்த ஆர்.எக்ஸ்.100-ன் சக்தி 11 குதிரைத்திறன்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்த வித்தையின் சூத்திரதாரி வால்டர் காடன் என்ற பொறியாளர். இந்த வகை டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை வெளியேறத் தனி வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளை பிஸ்டனே ஏறி இறங்கி மூடித் திறக்கும். இதில் ஒரு நஷ்டம் உண்டு. புகை வெளியேறும்போது, கூடவே எரியாத புதுப் பெட்ரோல் கலவையும் கொஞ்சம் தப்பித்துப் போய்விடும். புகைக்குழாயை நடுவில் வயிறு பருத்து, முனையில் குறுகும்படி அளந்து செய்தால் இதைத் தடுக்கலாம் என்று காடன் காட்டினார். புகையோடு கிளம்பும் அழுத்த அலை குறுகலான முனையில் மோதித் திரும்பி வரும். தப்பித்த கலவையை, துளை மூடுவதற்குள் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். கடல் அலை கரையில் மோதித் திரும்புவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது எளிதில் விளங்கும்.

ஆக, டூ ஸ்ட்ரோக் வண்டியின் சைலன்சர் வெறும் சத்தம் அடக்கும் டப்பா அல்ல, அது எஞ்சினின் ஒரு பாகம். அதன் அளவைக் கெடுத்தால் திரும்பி வரும் அலை நேரம் தவறிவிடும். என் ஆர்.எக்ஸ்.100-க்கு நடந்தது அதுதான்.

சுசுகி வழியாக ஓசூருக்கு

எம்.இசட். அணியின் முன்னணி வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர். பெர்லின் சுவர் எழும்பிய அடுத்த மாதம், 1961 செப்டம்பரில், ஸ்வீடனில் நடந்த பந்தயத்துக்குப் போனவர் கிழக்கு ஜெர்மனிக்குத் திரும்பவில்லை. அவருடைய மனைவியும் பிள்ளைகளும் கார் டிக்கிக்குள் ஒளிந்து எல்லை கடந்தார்கள். டெக்னர் ஜப்பானின் சுசுகி கம்பெனியில் சேர்ந்தார். காடனின் ரகசியங்களும் அவரோடு போய்ச் சேர்ந்தன. 1962-ல் முதன்முறையாக 50 சிசி உலகச் சாம்பியன்ஷிப் நடந்தபோது, சுசுகி வண்டியில் அவரே வென்றார். ஜப்பானின் சுசுகா பந்தயத் தடத்தில் ஒரு வளைவுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

சுசுகியின் டூ ஸ்ட்ரோக் பிறகு தமிழ்நாட்டுக்கே வந்தது. மதுரையில் பஸ் ஓட்டத் தொடங்கிய டி.வி.எஸ். குடும்பத்தார் 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட்டைக் கொண்டுவந்தார்கள். இரண்டு பேர் உட்கார்ந்து போகக்கூடிய மொபெட் என்பதுதான் அன்று அதன் பெருமை. 1982-ல் அவர்கள் சொந்தப் பந்தயக் குழு தொடங்கினார்கள். அப்போது அவர்கள் விற்றுக்கொண்டிருந்த இருசக்கர வண்டி அந்த மொபெட் மட்டும்தான்! 1984-ல் சுசுகியோடு கூட்டுச் சேர்ந்து 100 சிசி இண்ட் சுசுகி வந்தது. அடுத்த ஆண்டு எஸ்கார்ட்ஸ் கம்பெனி மூலம் யமஹா ஆர்.எக்ஸ்.100 வந்தது. அதே 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100 என்ற ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியும் வந்தது. அது சத்தமில்லாமல் வந்த வண்டி. கடைசியில் பந்தயத்தை வென்றது எது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

அந்நாளில் பந்தயம் என்றால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னைக்கு வடக்கே போட்ட விமான ஓடுபாதை அது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல்லாண்டு காலம் பந்தயம் நடத்தியது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்தத் தடம் வந்த பிறகு சோழவரம் ஓய்ந்தது. பந்தயத்துக்கு வண்டி தயார் செய்பவர் சிலிண்டர் துளைகளை அரம் கொண்டு ராவுவார், ஹெட்டைக் கடைசல் பட்டறையில் கொடுத்துத் தேய்ப்பார், கார்புரேட்டர் ஜெட்டை மாற்றுவார். ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் ஒரு பங்கு கணக்கு. ஒன்றை மாற்றினால் மற்றதையும் மாற்றியாக வேண்டும். சைலன்சரை மட்டும் மாற்றிவிட்டு நின்றவர் அங்கே ஜெயித்ததில்லை.

திரேஸ்புரத்து டி.வி.எஸ். 50

நம் ஊருக்கு வருவோம். இங்கே பந்தயத் தடம் கிடையாது. ஆனால் வண்டியைத் தேவைக்கேற்ப மாற்றும் கைவேலை இங்கே குறைவாக இருந்ததே இல்லை.

அதிகாலையில் திரேஸ்புரம் பக்கம் போயிருப்பவர்களுக்குத் தெரியும். டி.வி.எஸ். 50 அல்லது எக்ஸ்.எல். வண்டியின் பின்னால் இரும்புக் கம்பியில் வெல்டு வைத்த கேரியர், அதன்மேல் ஐஸ் போட்ட மீன் பெட்டி, இரண்டு பக்கமும் தொங்கும் பைகள். ஓட்டுபவருக்கு முன்னால், கால் வைக்கும் இடத்தில் இன்னொரு கூடை. அந்தப் பாரத்தோடு ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கிராமங்களில் வெயில் ஏறுமுன் போய் நிற்க வேண்டும். இந்த வண்டிக்குக் கியர் கிடையாது, ஒரே வேகப் பல்தான். அப்படியென்றால் பாரத்தை இழுக்க வைப்பது எப்படி?

மெக்கானிக்குகள் கண்ட எளிய வழி, பின்சக்கரப் பல்சக்கரத்தை மாற்றுவது. பல் கூடினால் வேகம் குறையும், இழுவை கூடும். பந்தயக்காரர் நீண்ட ஓடுபாதைக்கு இதையே தலைகீழாகச் செய்வார். பல்லைக் குறைத்து வேகத்தைக் கூட்டுவார். கணக்கு ஒன்றுதான், தேவை வேறு. சோழவரத்தில் கோப்பைக்காகச் செய்த வேலையை இங்கே ஒரு குடும்பத்தின் அன்றாடச் சாப்பாட்டுக்காகச் செய்தார்கள்.

இன்னொரு எதிரி உப்புக் காற்று. கடலும் உப்பளமும் சூழ்ந்த ஊர் இது. முத்தையாபுரம் பக்கம் தினமும் போய் வரும் வண்டியில் சைலன்சர் அடியிலிருந்தே அரித்துக்கொண்டு வரும். ஸ்போக் கம்பி ஒவ்வொன்றாக அறுந்துவிடும். மீன் பெட்டியிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டும் வண்டியென்றால் செயின் கதி கேட்கவே வேண்டாம். ஓட்டை விழுந்த சைலன்சருக்குப் பித்தளைப் பற்று வைப்பதும், கரி அடைத்த உள்குழாயை நெருப்பில் போட்டுச் சுட்டுச் சுத்தம் செய்வதும் மெக்கானிக்குக்கு அன்றாட வேலை. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலும் எரிவதால் கரி சேரும். அதனால் உள்குழாயைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்றியதைத் திரும்ப மாட்டாமல் விட்ட என்னைப் போன்றவர்கள்தான் சத்தத்தை வேகம் என்று நம்பிவிட்டோம்.

கடலுக்கு அந்தப் பக்கம்

தேவை எவ்வளவு தூரம் கைவேலையைக் கொண்டுபோகும் என்பதற்கு நம் எதிர்க்கரையில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1990-க்குப் பிறகு, போர்க் காலப் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனது. அங்கே மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள்.

மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது, எளிதில் பற்றவும் செய்யாது. ஆகவே ஒரு சின்னப் போத்தலில் அரிதாகக் கிடைத்த பெட்ரோலை வைத்துக்கொள்வார்கள். அதைச் 'சூப்பி' என்பார்கள். கார்புரேட்டருக்குள் அதிலிருந்து சில துளி பீச்சி, உதைத்துக் கிளப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். புகையும் நாற்றமும் இருக்கும். ஆனாலும் நோயாளி ஆஸ்பத்திரி போய்ச் சேர்வார், பிள்ளை பரீட்சைக்குப் போய்ச் சேரும். நம் கரையில் நாட்டுப் படகில் மாட்டும் வெளிப்பொருத்து எஞ்சினைப் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் மீனவருக்கு இந்த முறை புதிதல்ல.

காலம் மாறியது

நாட்டில் 1991-ல் வாகனப் புகைக்குக் கட்டுப்பாடு வந்தது. 1996-லும் 2000-லும் அது இறுகியது. எரியாத பெட்ரோலையும் ஆயிலையும் வெளியே விடும் டூ ஸ்ட்ரோக்குக்கு அங்கே வழியில்லை. ஆர்.எக்ஸ்.100 1996-ல் நின்றது. டி.வி.எஸ். மொபெட்டே 2015-ல் எக்ஸ்.எல். 100 என்று ஃபோர் ஸ்ட்ரோக்காக மாறியது. சிடி 100 சத்தமில்லாமல் தொடங்கிய வழிதான் கடைசியில் ராஜபாட்டை ஆனது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்த பிறகு பெரும்பாலான புது வண்டிகளில் கார்புரேட்டரும் இல்லை. பெட்ரோலை அளந்து தெளிப்பது சென்சாரும் கம்ப்யூட்டரும்தான்.

அதனால் நம் தம்பிமார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரம் பிடித்து அளவு பார்த்த மெக்கானிக்கின் வித்தைக்கு இன்றைய வண்டியில் இடம் குறைவு. கடையில் வாங்கி மாட்டும் சைலன்சர், வண்டியின் கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால் தருவது சத்தம் மட்டுமே.

சட்டமும் கடுமையாகியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பொதுச் சாலையில் பந்தயம் விடுவது தனிக் குற்றம். ஹார்பர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பந்தயம் விடுவதன் ஆபத்தை நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை.

வேகத்தில் உண்மையான ஆசை இருப்பவர்களுக்கு இடம் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையும், கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயும் அதற்கென்றே அமைந்தவை. ஹெல்மெட், தோல் உடை, தயாராக நிற்கும் ஆம்புலன்ஸ் எல்லாம் அங்கே உண்டு. எதிரே லாரி வராது.

நம் பார்க்கிங்கில்

கடைசியாக, இந்த ஊரில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு அண்ணாச்சியிடம் கற்ற சில பாடங்கள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அடிப்பகுதியையும் கழுவுங்கள். ஈரம் காய்ந்ததும் செயினுக்கு ஆயில் போடுங்கள். பேட்டரி முனைகளில் வாசலின் தடவுங்கள். நெடுநாள் வெளியூர் போகும்போது வண்டியைக் கடல் காற்று அடிக்கும் பக்கம் திறந்து விடாமல் மூடி வையுங்கள்.

அடுத்த பொதுக்குழுவில் நான் முன்வைக்கப்போகும் யோசனை ஒன்றுதான். சத்தம் போடும் வண்டிக்கு உடனே அபராதம் என்று தொடங்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பார்க்கிங்கில் ஒரு மெக்கானிக்கை வரவழைப்போம். கழற்றி வைத்த பழைய சைலன்சர் யார் வீட்டுப் பரணில் இருந்தாலும் கொண்டு வரட்டும். அன்றைக்கே திரும்ப மாட்டிவிடலாம். கூலியைச் சங்கம் ஏற்கட்டும். அதற்குப் பிறகும் மாற்றாதவர்களுக்கு என்ன செய்வது என்று அப்புறம் பேசலாம்.

என் பழைய ஆர்.எக்ஸ்.100 இன்றும் பி பிளாக் பார்க்கிங்கில் நிற்கிறது. அண்ணாச்சி அன்றைக்குத் திரும்ப மாட்டிய உள்குழாய் இன்னும் அதில் இருக்கிறது. சந்தேகம் இருக்கும் தம்பிகள் வந்து கிளப்பிப் பார்க்கலாம். குழந்தைகள் தூங்காத நேரமாகப் பார்த்து வாருங்கள்.