மாணவர் ரக மின்கிதார்கள்: மாற்றமும் மறுபூச்சும்

மாணவர் ரக மின்கிதார் என்பது கற்றுக்கொள்பவர்களுக்காக, எளிய வடிவிலும் குறைந்த விலையிலும் தொழிற்சாலைகளில் செய்யப்பட்ட மின்கிதார். இவ்வகை 1950களில் அமெரிக்காவில் பரவலாகியது. விலை குறைவு என்பதால் இவற்றை அறுக்கவும் குடையவும் வண்ணம் மாற்றவும் யாரும் தயங்கவில்லை. அம்மாற்றங்களில் சில புதிய இசைக்கு வழிவிட்டன. பல, மீட்க முடியாத இழப்பாக முடிந்தன.

தோற்றம்

கிப்சன் நிறுவனம் 1954இல் லெஸ் பால் ஜூனியர் கிதாரை வெளியிட்டது. இதன் உடல் மேற்புறம் வளைவு செதுக்கப்படாத ஒரே தட்டையான மகோகனிப் பலகை. ஒலியை மின்னலையாக மாற்றும் பிக்-அப் ஒன்றே ஒன்று. தொடக்க விலை 99.50 டாலர். 1959இல் இன்னும் எளிய மெலடி மேக்கர் வந்தது.

பெண்டர் நிறுவனம் 1956இல் மியூசிக்மாஸ்டர், டியோ-சோனிக் என்ற இரண்டு மாணவர் ரகங்களை வெளியிட்டது. அந்நிறுவனத்தின் வழக்கமான கிதாரில் அதிரும் தந்தியின் நீளம் 25.5 அங்குலம். இவற்றில் அது 22.5 அங்குலம். தந்தி குட்டையானால் அதே சுருதிக்குத் தேவைப்படும் இழுவிசை குறையும். சிறுவர்களின் விரல்களுக்கு அது எளிது. 1964இல் மஸ்டாங் என்ற ரகம் இவ்வரிசையில் சேர்ந்தது. 1960களில் ஜப்பானின் டெய்ஸ்கோ போன்ற நிறுவனங்களின் மலிவுக் கிதார்களும் அமெரிக்கச் சந்தையை நிறைத்தன.

இந்தியாவில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் வெளிநாட்டுக் கிதார் நெடுங்காலம் அரிய பொருளாகவே இருந்தது. நுகர்பொருள் இறக்குமதிக்கான அளவுக் கட்டுப்பாடுகள் 2001இல்தான் முழுமையாக விலக்கப்பட்டன. அதுவரை கற்றுக்கொள்பவர்கள் பெரும்பாலும் கொல்கத்தாவின் கிவ்சன் போன்ற உள்நாட்டுக் கிதார்களையே நம்பியிருந்தனர். இந்தியாவின் மாணவர் ரகம் என்று இவற்றையே சொல்ல வேண்டும்.

மாற்றியமைத்தல்

மாணவர் ரகக் கிதாரில் பொதுவாகச் செய்யப்படும் மாற்றங்கள் நான்கு. பிக்-அப்பை மாற்றுதல், பிருடைகளை மாற்றுதல், தேய்ந்த மெட்டுகளைப் பிடுங்கிப் புதியவை பதித்தல், மறுபூச்சு. இவற்றில் முதல் மூன்றையும் பழைய துளைகளுக்கும் பள்ளங்களுக்கும் பொருந்தும் பாகங்களைக் கொண்டு செய்தால் கிதாரின் உடலுக்குக் கேடில்லை. பெரிய பிக்-அப்பை வைக்க மரத்தைக் குடைந்தால் அந்த மரம் திரும்ப வராது.

கழற்றிய பாகங்களுக்கும் வரலாற்று மதிப்பு உண்டு. ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் முதுகில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். 1376512 என்று இருந்தால், 137 என்பது சி.டி.எஸ். என்ற தயாரிப்பாளரையும் 65 என்பது 1965ஆம் ஆண்டையும் 12 என்பது அவ்வாண்டின் பன்னிரண்டாம் வாரத்தையும் குறிக்கும். ஆகவே கிதார் அந்த வாரத்துக்கு முன் முழுமை பெற்றிருக்க முடியாது. ‘கரகர’ என்கிறது என்று அதைத் தூக்கி எறிபவர் கிதாரின் பிறப்புச் சான்றிதழையும் சேர்த்து எறிகிறார்.

கர்நாடக இசையும் மாற்றமும்

தென்னிந்தியாவில் மின்கருவியை மாற்றியமைக்க முதன்மையான காரணம் கமகம். வீணையில் 24 மெட்டுகள் மெழுகின் மேல் உயர்ந்து நிற்கின்றன. மெட்டுகளுக்கு இடையே விரலுக்குத் தடையில்லாததால் தந்தியை இழுத்துச் சுரத்தை அசைக்க முடிகிறது. கிதாரில் மெட்டுகள் தாழ்வானவை. விரல் பலகையில் முட்டுவதால் இழுப்பு தடைப்படுகிறது.

ஆங்கிலேய கிதார் கலைஞர் ஜான் மெக்லாலின், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர். 1970களில் எல். சங்கர், ஜாகீர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் ‘சக்தி’ குழுவில் வாசித்தபோது, மெட்டுகளுக்கு நடுவே மரம் குழிக்கப்பட்ட விரல் பலகை கொண்ட கிதாரைப் பயன்படுத்தினார். தம்புராவைப் போல உடன் ஒலிக்கும் கூடுதல் தந்திகளும் அதில் இருந்தன. வீணையின் அமைப்பைக் கிதாருக்குள் கொண்டுவந்த முயற்சி அது. பின்னர் சுகுமார் பிரசாத், பிரசன்னா ஆகியோர் மின்கிதாரையே கர்நாடக இசைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தனர்.

இதைவிடப் பெரிய வெற்றி மாண்டலினுக்குக் கிடைத்தது. ஆந்திரத்தின் பாலகொல்லுவில் 1969இல் பிறந்து சென்னையில் வாழ்ந்த உ. ஸ்ரீநிவாஸ், மேலை மாண்டலினின் நான்கு இரட்டைத் தந்திகளை விலக்கினார். ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்மாண்டலினை ஏற்றார். இரட்டைத் தந்தியைச் சேர்த்து இழுத்துச் சுத்தமாகக் கமகம் எழுப்புவது கடினம். ஒற்றைத் தந்தி அத்தடையை நீக்கியது. மின்பெருக்கம், மாண்டலினின் சட்டென அடங்கும் ஒலிக்கு நீளம் தந்தது. 2014இல் அவர் மறைந்தபோது மாண்டலின் கர்நாடக இசைக்கருவியாக ஏற்கப்பட்டுவிட்டது. இசையின் தேவை கேட்டுச் செய்த மாற்றம் என்பதால் இது நிலைத்தது.

பூச்சு

மறுபூச்சு பெரும்பாலும் தோற்றத்துக்காகவே செய்யப்படுகிறது. கிப்சனும் பெண்டரும் 1950களில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைப் பூசின. அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் 1920களில் கார்களுக்காக விற்ற ‘டூக்கோ’ இவ்வகையைச் சேர்ந்தது. பெண்டர் தன் சிறப்பு வண்ணங்களை டூபான்ட்டின் கார் வண்ணங்களிலிருந்தே எடுத்தது. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் கார் வண்ணத்தை ‘டூக்கோ பெயிண்ட்’ என்று அழைக்கும் வழக்கம் இப்பெயரின் மிச்சம்.

நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு மெல்லியது. காலப்போக்கில் மஞ்சளாகும். வெப்பம் திடீரென மாறினால் நூல் நூலாக வெடிக்கும். ஆனால் அதன் தின்னரிலேயே மீண்டும் கரையும் என்பதால், சிறு சேதத்தில் புதிதாக இடும் பூச்சு பழையதோடு கலந்துவிடும். 1960களின் பிற்பகுதியிலிருந்து பரவிய பாலியெஸ்டர் பூச்சு தடித்தது, கரையாதது. அதை நீக்க வெப்பமும் உப்புத்தாளும் வேண்டும். அளவுமீறித் தேய்த்தால் உடலின் விளிம்பு வளைவுகள் அழிந்து கிதாரின் வடிவமே மாறிவிடும். பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், அத்தூளைச் சுவாசிப்பது ஆபத்து. நைட்ரோசெல்லுலோஸ் எளிதில் தீப்பற்றவும் கூடியது.

தென்காசியும் சாரலும்

மறுபூச்சுக்குப் பருவம் முக்கியம் என்பதைத் தென்காசி, குற்றாலம் பகுதி தெளிவாகக் காட்டுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவு கணவாய் வழியாக நுழைவதால், தமிழ்நாட்டின் பெரும்பகுதி வெயிலில் காயும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில் இங்கே சாரல் அடிக்கிறது. குற்றாலத்துக்கு அது கொண்டாட்டக் காலம். லாக்கர் பூசுபவருக்கு ஆகாத காலம்.

தின்னர் வேகமாக ஆவியாகும்போது பூசிய பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து பூச்சுக்குள் சிக்குகிறது. பூச்சு பால்போல் வெளுத்துவிடுகிறது. மரச்சாமான்களுக்குப் பூசும் அரக்குப் பாலிஷுக்கும் இதே குறை உண்டு. மெதுவாக ஆவியாகும் தின்னரைச் சேர்த்தால் வெளுப்பைக் குறைக்கலாம். பிப்ரவரி முதல் மே வரையிலான உலர்ந்த மாதங்களுக்கு வேலையைத் தள்ளிவைப்பது அதைவிட நல்லது. பூச்சில்லாமல் விடப்பட்ட மரமும் சாரல் காலத்தில் ஈரம் குடித்துப் பருக்கும். தண்டு வளைந்தால் தந்தி மெட்டுகளில் மோதி இரையும். பூச்சு அழகுக்கு மட்டுமல்ல, மரத்துக்கு அது கவசமும் ஆகும்.

பழமையின் மதிப்பு

மலிவாகக் கருதப்பட்ட ரகங்கள் இன்று சேகரிப்புப் பொருள்கள். நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் பயன்படுத்திய 1969ஆம் ஆண்டு மஸ்டாங் 2022 மே மாதம் 45.5 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அது வாசித்தவரின் புகழுக்குக் கிடைத்த விலை. சாதாரணக் கிதாருக்கு மூலப்பூச்சே மதிப்பு. மறுபூச்சு செய்த கிதாருக்கு மூலப்பூச்சுள்ளதில் ஏறத்தாழப் பாதி விலையே தருவது பழங்கிதார் வணிகர்களின் வழக்கம்.

எனினும், ஏற்கெனவே உரிக்கப்பட்டோ கண்டபடி வண்ணம் அடிக்கப்பட்டோ வந்த கிதாருக்கு மறுபூச்சு இழப்பல்ல, மீட்பு. மூலப்பூச்சுள்ள கிதாரில் துடைத்தல், மெட்டுப் பராமரிப்பு, மின்னிணைப்புப் பழுது ஆகியவற்றோடு நிற்பதே முறை. கழற்றிய பழைய பாகங்களைக் கிதாரோடு சேர்த்துப் பாதுகாத்தால், அடுத்து அதை வாசிப்பவர் வேண்டும்போது அவற்றைத் திரும்பப் பொருத்திக்கொள்ள முடியும்.