மோனேயின் கேலிச்சித்திரங்கள்

பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனே (1840–1926) பதின்ம வயதில், லெ ஆவ்ர் துறைமுக நகரில் பென்சிலாலும் கரித்துண்டாலும் வரைந்த படங்கள். பள்ளி நோட்டுகளின் ஓரத்தில் ஆசிரியர்களைக் கிண்டலடித்துத் தொடங்கிய கைப்பழக்கம், 1850களின் பிற்பகுதியில் வருமானம் தரும் தொழிலாயிற்று. ஊர்ப் பிரமுகர்கள் காசு கொடுத்துத் தங்களையே கேலிக்குள்ளாக்கிக்கொண்டனர்!

பெருத்த தலை, சூம்பிய உடல் என்பது அன்றைய பாரிஸ் இதழ்களின் பாணி. கேலிச்சித்திரக்காரர் நாதாரின் படங்களை நகலெடுத்தே மோனே அதைப் பழகினார். ஆனால் கோட்டுச் சிக்கனம் அவருக்கே கைவந்தது. மூக்கின் வளைவை ஒரே இழுப்பில் போட்டுவிடுவார்; அழுத்தினால் கோடு தடித்துக் கறுக்கும், தளர்த்தினால் மெலியும். ஆளின் மிடுக்கோ அசட்டுத்தனமோ பெரும்பாலும் அந்த ஏற்ற இறக்கத்திலேயே வந்துவிடுகிறது. ஓவியர் ழூல் டிடியேவுக்கு வண்ணத்துப்பூச்சியின் உடலையே கொடுத்திருக்கிறார்.

படங்களில் ‘ஓ. மோனே’ என்றே கையொப்பம். ஆஸ்கர் என்பது அவரது வீட்டுப் பெயர். சட்டகக் கடை ஜன்னலில் தொங்கிய இவற்றைக் கண்ட ஓவியர் யூஜேன் பூதேன்தான் அவரைத் திறந்தவெளி ஓவியத்துக்கு இழுத்துச் சென்றார். பல படங்கள் இன்று சிகாகோ கலை நிறுவனத்தில் உள்ளன.