பனியில் நீந்தும் பட்டை பிறந்த கதை

1922 டிசம்பர் 31. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்ற சிற்றூர். தெருவெங்கும் பனி மூடிக் கிடந்தது. குதிரை பூட்டிய சறுக்குவண்டிகளைத் தவிர வேறெதுவும் நகராத அந்தத் தெருவில், குதிரையே இல்லாத ஒரு சறுக்குவண்டி பெரும் இரைச்சலோடு பாய்ந்து வந்தது. அதன் மேல் பழைய ஃபோர்டு மாடல் டி காரின் எஞ்சின். எஞ்சினின் பின்னால், மூடி எதுவும் இல்லாமல் சுழலும் ஒரு மர விசிறி. ஓட்டி வந்தவர்கள் இரண்டு சிறுவர்கள்: 15 வயது ஜோசப்-அர்மாந்த் பொம்பார்டியே, அவனுடைய தம்பி லியோபோல்ட். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஓடியது வண்டி. பார்த்த அப்பாவுக்கு உயிரே போய்விட்டது. பிள்ளைகளின் கழுத்துக்குச் சில அடி தூரத்தில் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. உடனே பிரித்துப் போடு என்றார். பையன் பிரித்துப் போட்டான். ஆனால் பனி மேல் தானாக ஓடும் வண்டி என்ற நினைப்பை மட்டும் யாராலும் பிரிக்க முடியவில்லை.

அதே வாரத்தில், பூமியின் இன்னொரு பக்கம், ஐந்து சிட்ரோயன் கார்கள் சகாரா பாலைவனத்தைக் கடந்துகொண்டிருந்தன. டிசம்பர் 17 அன்று அல்ஜீரியாவின் துக்குர்த்தில் கிளம்பியவை, ஜனவரி 7 அன்று திம்புக்டுவை அடைந்தன. மணலில் அவை புதையவில்லை, ஏனென்றால் பின்பக்கம் சக்கரமே இல்லை. உருளைகளைச் சுற்றி ரப்பர் பட்டை ஓடியது. அதைக் கண்டுபிடித்தவர் அடோல்ஃப் கெக்ரெஸ். ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலாஸின் கார்க் கொட்டகையில் வேலை பார்த்த பிரெஞ்சு மெக்கானிக் அவர். மன்னரின் கார் குளிர்காலத்தில் பனியில் சிக்காமல் ஓட வேண்டும் என்பதற்காகச் செய்த பட்டை அது. 1917 புரட்சியில் மன்னராட்சி போனது, மெக்கானிக் பிரான்ஸ் திரும்பினார், பட்டை பாலைவனத்துக்குப் போனது. ஒரே ஒரு பலவீனம்: அன்றைய பட்டையை இழுத்துச் சுழற்றியது உருளையின் உராய்வு மட்டும்தான். இடையில் ஈரமும் பனிக்கட்டியும் புகுந்தால் உருளை சுழலும், பட்டை நின்றுவிடும். அந்த வழுக்கலுக்குப் பனியில் ஒரு தீர்வு பின்னாளில் ஒரு சிற்றூர்ப் பட்டறையிலிருந்து வந்தது.

1924இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், சேனர் என்ற ஊரில் கார்ல் எலியாசன் என்பவர் தன் பட்டறையில் ஒரு மோட்டார் சறுக்குவண்டியை உருவாக்கினார். பாதத்தில் குறையோடு பிறந்தவர். வேட்டைக்குப் போகும் நண்பர்களோடு பனியில் ஈடுகொடுத்து நடக்க முடியாத ஏக்கம்தான் அவரைப் பட்டறைக்குத் துரத்தியது. படகில் மாட்டும் இரண்டரை குதிரைத்திறன் மோட்டார், சைக்கிள் பாகங்கள், இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகள்: இவைதான் மூலப்பொருள். 1927இல் காப்புரிமையும் கிடைத்தது. ஒருவர் உட்கார்ந்து ஓட்டும் பனி வண்டியின் உருவம் அங்கேயே பிறந்துவிட்டது. அது வேகமெடுக்க இன்னும் 30 ஆண்டுகள் ஆகும் என்பதை எலியாசன் அறிந்திருக்க மாட்டார்.

வால்கூர் சிறுவன் இதற்குள் வளர்ந்துவிட்டான். 1926இல், 19 வயதில், சொந்தமாக மோட்டார் பட்டறை திறந்தார் பொம்பார்டியே. கோடையில் ஊரார் வண்டிகளைப் பழுது பார்ப்பார். குளிர்காலத்தில் யாரும் காரை வெளியே எடுக்க மாட்டார்கள். அந்த மாதங்கள் முழுக்க அவருடைய சோதனைகளுக்கு. ஒவ்வொரு வண்டியும் கொஞ்சதூரம் ஓடும், புதையும், மறுபடி பட்டறைக்கு வரும். அவருக்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை. 1934ஆம் ஆண்டின் குளிர்காலம் வரை.

அவருடைய இரண்டு வயது மகன் யிவோனுக்குக் குடல்வால் அழற்சி. உடனே அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். ஆஸ்பத்திரியோ ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளி, ஷெர்புரூக் நகரத்தில். சாலைகளைப் பனி முழுவதுமாக அடைத்துவிட்டது. பனி மேல் ஓடக்கூடிய வண்டியைச் செய்துகொண்டிருந்த மனிதர் அந்த வீட்டில்தான் இருந்தார். வண்டி மட்டும் பட்டறையில் பாகம் பாகமாகக் கிடந்தது. குழந்தை பிழைக்கவில்லை. பட்டறை வாசலைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் அந்தத் தகப்பனின் கண் எதில் பட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் பட்டறைக் கதவை மூடவில்லை.

1935இல் விடை கிடைத்தது. உராய்வை நம்புவதை விட்டார். எஞ்சின் சுழற்றும் சக்கரத்துக்குப் பற்கள் வைத்தார்; அந்தப் பற்கள் பட்டையின் குறுக்குச் சட்டங்களைக் கவ்வி இழுத்தன. இனி வழுக்கப் பட்டைக்கு வழியில்லை. இரும்புப் பல்லில் பனி ஒட்டி இறுகும் என்பதால், பற்சக்கரத்துக்கு ரப்பர் உறை போட்டார். பட்டையும் பருத்தித் துணி பொதித்த ரப்பர்தான். வளையும்போது இறுகிய பனி தானே உதிர்ந்துவிடும். 1937இல் காப்புரிமை வந்தது. முன்னால் சறுக்குக்கட்டை, பின்னால் பட்டை, உள்ளே ஏழு பேருக்கு இடம் என்று பி7 வண்டி விற்பனைக்கு வந்தது. அடுத்து வந்த பி12 வண்டியில் கப்பலில் இருப்பதுபோன்ற வட்ட ஜன்னல்கள் இருந்தன. மருத்துவர்களும் தபால்காரர்களும் பாதிரியார்களும் அதில் போனார்கள். பள்ளிப் பிள்ளைகளும் போனார்கள். நோயாளிகள் ஆஸ்பத்திரி சேர்ந்தார்கள். தொழில் செழித்தது. அதை வீழ்த்தியது போட்டிக் கம்பெனி எதுவும் அல்ல.

1948 வாக்கில் கியூபெக் அரசு கிராமச் சாலைகளிலும் பனியை அகற்றத் தொடங்கியது. நல்ல செய்திதான், பொம்பார்டியேவைத் தவிர எல்லோருக்கும். சாலை திறந்த பின் பனி வண்டி யாருக்கு வேண்டும்? விற்பனை சரிந்தது. சதுப்பு நிலத்திலும் காட்டிலும் ஓடும் பட்டை டிராக்டர்களைச் செய்து கம்பெனியைக் காப்பாற்றினார். ஆனாலும் இளமையில் கண்ட கனவு, ஒருவர் இருவர் மட்டும் போகும் சின்ன வண்டி, பாக்கி இருந்தது. தடையாக நின்றவை இரண்டு: எஞ்சின் கனம், பட்டையின் கனம். 1950களில் சிறிய, லேசான எஞ்சின்கள் கடைக்கு வந்தன. பட்டையின் சிக்கலை அவிழ்த்தது வீட்டிலேயே இருந்த இன்னொருவர்.

மூத்த மகன் ஜெர்மேன். இணைப்பே இல்லாமல், ஒரே வளையமாக வார்த்த அகலமான ரப்பர் பட்டையை உருவாக்கினார். ஆணியும் சங்கிலியும் குறைந்தன, கனம் இறங்கியது. 1959இல் மாதிரி வண்டி தயார். முதல் வண்டிகளில் ஒன்று ஒண்டாரியோவின் வடக்கே, லான்ஸ்டவுன் ஹவுஸ் என்ற பழங்குடி ஊருக்குப் போனது. அங்கே ஊழியம் செய்த மோரிஸ் வீமே என்ற பாதிரியார் பொம்பார்டியேவின் நண்பர். நாய் இழுக்கும் சறுக்குவண்டியில் போய்வந்தவர் புது வண்டியில் ஏறினார். ஸ்கி-டூ என்ற பெயரில் அந்த முதல் பருவத்தில் விற்ற வண்டிகள் 225. நான்கே ஆண்டுகளில் ஆண்டு விற்பனை 8,000ஐத் தாண்டியது. வாங்கியவர்களில் பாதிரியார்களும் வேட்டைக்காரர்களும் குறைவு. விளையாட்டுக்காக ஓட்டியவர்கள்தான் அதிகம். 1964 பிப்ரவரியில், 56 வயதில், புற்றுநோயால் இறந்தார் பொம்பார்டியே. 1971இல் வட அமெரிக்காவில் ஓர் ஆண்டில் ஸ்னோமொபைல் எனப்படும் இத்தகைய பனி வண்டிகள் ஏறத்தாழ 5 லட்சம் விற்றன. அவற்றுள் பெரும்பாலானவை போகவே முடியாத ஓர் இடம் இருந்தது.

அது ராக்கி மலைத்தொடர். யூட்டா, வயோமிங், பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில் விழும் தூள்பனி வேறு ரகம். பத்து அங்குலம் விழுந்ததை உருக்கினால் சில சமயம் ஓர் அங்குலத் தண்ணீர்கூடத் தேறாது, மற்றதெல்லாம் காற்று. மிதித்தால் இடுப்பு வரை இறங்கும். சமவெளியின் இறுகிய தடத்துக்காகச் செய்த 121 அங்குலச் சுற்றளவுப் பட்டையில், முக்கால் அங்குலம், ஓர் அங்குலம் உயரத்துக்குத்தான் ரப்பர் முகடுகள் இருந்தன. தூள்பனியில் கவ்வ எதுவும் இல்லாததால் பட்டை வெறுமனே சுழன்று தனக்குக் கீழே பள்ளம் தோண்டும். பின்பகுதி புதையும், மூக்கு வானம் பார்க்கும். அப்புறம் மண்வாரியை எடுக்க வேண்டியதுதான். அடியில் திடமான தரையே இல்லாத இடத்தில் எதைப் பிடித்து முன்னேறுவது?

சேற்று வயலில் டிராக்டருக்கு இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டுவதற்கான அதே நியாயம்தான் இங்கும் பலித்தது: அகலத்தால் பாரம் பரவ வேண்டும், தகடுகளால் சேறு பின்னே தள்ளப்பட வேண்டும். மலையேற்றப் பந்தயக்காரர்களும் மலையோரப் பட்டறைக்காரர்களும் பட்டையை நீட்டினார்கள், முகடுகளை உயர்த்தினார்கள். 1990களில் கம்பெனிகளே மலைக்கென்று தனி வண்டிகளை இறக்கின: ஸ்கி-டூவின் சம்மிட், போலாரிஸின் ஆர்எம்கே. சுற்றளவு 136 அங்குலம் ஆனது, பிறகு 151, 163, 174. முகடு ஒன்றரை அங்குலமாகி, இரண்டைத் தொட்டது. 2010களில் மூன்று அங்குலம் வந்தது. அந்த உயரத்தில் அதை முகடு என்று சொல்வது பொருந்தாது. அது துடுப்பு. தண்ணீரைக் கோதித் தள்ளுவதுபோல் பனியைக் கோத, முகத்தில் குழிவும் வைத்தார்கள். வண்டி தூள்பனியில் நீந்தத் தொடங்கியது. உடனே புதிய தொல்லைகளும் தொடங்கின.

உயர்ந்த துடுப்பைக் கடின ரப்பரில் வார்த்தால் கனம் ஏறியது; மென்மையாக வார்த்தால் வளைந்து கொடுத்தது, கல்லிலும் இறுகிய பனியிலும் கிழிந்தது. வண்டியின் அடிக்கூட்டில் இடம் போதாமல் துடுப்பு நுனி குளிர்விப்புத் தகட்டில் உரசியது. இடம் பண்ணச் சிறிய பற்சக்கரம் போட வேண்டியிருந்தது. துடுப்புகள் நெருங்கி நின்றால் நடுவில் பனி இறுகிக்கொள்ளும் என்பதால் இடைவெளியை 2.52 அங்குலத்திலிருந்து 2.86, 3, 3.5 என்று விரித்தார்கள். நீளப் பட்டை சரிவில் வண்டியைச் சாய்க்க விடாமல் முரண்டு பிடித்தது. அதற்கு, குறுக்கே போகும் கம்பிகளைக் குட்டையாக்கி, ஓரம் மட்டும் மடங்குகிற பட்டையை 2013 மாடலில் கொண்டுவந்தது ஸ்கி-டூ. இவ்வளவுக்கும் எஞ்சின்தான் விலை கொடுத்தது. ஒவ்வோர் 1,000 அடிக்கும் ஏறத்தாழ 3 சதவீதம் சக்தி இழக்கும் மலைக்காற்றில், 9,000 அடி உயரத்தில் கால்வாசி பலம் போயிருக்கும். மிச்சமுள்ள பலத்தில்தான் இந்தத் துடுப்புகளைச் சுழற்ற வேண்டும்.

தேய்ந்த பட்டையை மாற்ற நிற்கும் மலை ஓட்டுநர் இன்று கடையில் கேட்பது 163, 15, 3 என்பதுபோல் மூன்று எண்கள்: சுற்றளவு, அகலம், துடுப்பின் உயரம். இத்தனை தோல்விகளும் அந்த மூன்று எண்களுக்குள் அடங்கிவிட்டன. ஆனால் வாங்குபவரைக் கவிழ்ப்பது பெரும்பாலும் நான்காவது எண்தான்: துடுப்பு வரிசைகளின் இடைவெளி. 3 அங்குல இடைவெளியில் 54 வரிசை இருந்தால் 162 அங்குலம், 2.86 இடைவெளியில் 57 வரிசை இருந்தால் 163. பார்வைக்கு ஓர் அங்குல வித்தியாசம். ஒன்றுக்கான பற்சக்கரத்தில் மற்றது பொருந்தவே பொருந்தாது. பல்லும் பட்டையும் ஒத்துப்போக வேண்டும் என்ற 1935ஆம் ஆண்டு விதி இன்னும் அப்படியே இருக்கிறது.

துடுப்பின் உயரத்தில்தான் ஆசை கண்ணை மறைக்கிறது. மூன்று அங்குலம் என்றாலே மேல் என்ற நினைப்பு தவறு. குளிர்காலம் முழுக்க ஆழப்பனியில், பெரிய எஞ்சினோடு ஓட்டுபவருக்கு அது சரி. வசந்தத்தின் இறுகிய பனியிலும், மலையடிவாரம் வரை நீண்ட தடத்திலும் ஓட்டுபவருக்கு இரண்டரை அங்குலமே நெடுநாள் உழைக்கும். இறுகிய தடத்தில் உயரமான துடுப்பு பனித்தூளைப் போதிய அளவு வாரி இறைக்காது. அந்தத் தூள்தான் எஞ்சின் குளிர்விப்புத் தகட்டையும் பட்டை சறுக்கி ஓடும் தண்டவாள பிளாஸ்டிக்கையும் குளிர வைப்பது. அது வராவிட்டால் பிளாஸ்டிக் உருகிவிடும்.

பட்டைகள் வந்த வழியிலும் ஒரு திருப்பம் உண்டு. பொம்பார்டியே கம்பெனியிலிருந்து 1982இல் பிரிந்து உருவானது கியூபெக்கின் காமோபிளாஸ்ட். பின்னாளில் காம்சோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2018இல் பிரான்சின் மிஷ்லென் அதை வாங்கியது. ஸ்கி-டூவுக்கு மட்டும் அல்ல, அதோடு மல்லுக்கட்டிய போலாரிஸ், ஆர்க்டிக் கேட், யமஹா வண்டிகளுக்கும் அந்தக் கம்பெனி பட்டை வார்த்துக் கொடுத்தது. சந்தையில் முட்டிக்கொண்ட நான்கு கம்பெனிகளின் வண்டிகள் பலவும் மலைமேல் ஒரே குடும்பத்து ரப்பரில் நீந்தின.