கரைந்து போகும் டப்பா

இன்னிக்கு எபிசோட் ஒரு குட்டி டப்பாவைப் பத்தினது. மருந்தைச் சுமந்துக்கிட்டு உடம்புக்குள்ள போகும், கொஞ்சம் கொஞ்சமா வெளியே விடும், கடைசியில தானும் கரைஞ்சு காணாமப் போயிடும்.

முதல்ல, இது எதுக்கு? இன்சுலின் மாதிரி புரத மருந்துகளை மாத்திரையா முழுங்கினா, வயிறு அதைப் பருப்பு மாதிரியே செரிச்சிடும். ஊசி போட்டாலும் பல மருந்துகள் சில மணி நேரத்துல சிதைஞ்சிடும். அதனால திரும்பத் திரும்ப ஊசிதான் வழி.

1974, அமெரிக்காவின் பாஸ்டன். எம்.ஐ.டி.யில் கெமிக்கல் இன்ஜினியரிங் முனைவர் பட்டம் முடிச்ச ராபர்ட் லாங்கர். எண்ணெய் நெருக்கடி நேரம், எண்ணெய் கம்பெனிகள் வேலையை அள்ளிக் கொடுத்துட்டு இருந்தன. அவர் போனது குழந்தைகள் மருத்துவமனைக்கு, ஜூடா ஃபோக்மன் என்ற அறுவை சிகிச்சை நிபுணரிடம்.

புற்றுநோய்க் கட்டி வளர புது ரத்தக்குழாய்கள் வேணும், அதைத் தடுத்தா கட்டி வளராது என்பது ஃபோக்மனின் வாதம். அப்போ பலரும் இதை ஏத்துக்கல. நிரூபிக்கணும்னா, குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு புரதத்தை முயலின் கண்ணுக்குள்ள பல நாள் மெதுவா விடணும். அப்படி விட எந்தப் பொருளும் அப்போ கையில இல்ல.

பாலிமர் வழியா சின்ன மூலக்கூறுகள் கசியும், புரதம் மாதிரி பெரிசு கசியவே முடியாது என்பதுதான் அன்றைய நம்பிக்கை. சுவருக்குள்ள ஆள் நடக்க முடியாதுன்னு சொல்ற மாதிரி. 200-க்கும் மேற்பட்ட வழிகள் தோத்துப்போச்சுன்னு லாங்கரே பின்னாடி சொல்லியிருக்கார். கடைசியில் பலிச்ச வழி இதுதான்: கரைச்ச பாலிமரில் புரதப் பொடியைக் கலந்து காய வைக்கணும். உள்ளே வளைஞ்சு நெளிஞ்ச சந்துகள் உருவாகும். புரதம் அந்தச் சந்துகளில் சுத்திச் சுத்தி மெதுவா வெளியே வரும். 1976-ல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை, 100 நாளுக்கு மேல் இப்படி விட முடியும்னு காட்டியது.

உடனே கைதட்டல் கிடைச்சுதா? இல்ல. அவருடைய முதல் 9 நிதி விண்ணப்பங்களும் நிராகரிக்கப்பட்டன. உயிரியல் தெரியாத இன்ஜினியர் இதை எப்படிச் செய்வார்னு சந்தேகம்.

இன்னொரு சிக்கல், அந்தப் பாலிமர் உடம்பில் கரையாது. அதுக்கான பதில் தையல் நூலில் இருந்தது. 1970-கள்லயே அறுவை சிகிச்சையில் தானே கரையும் நூல் வந்தாச்சு. லாக்டிக் அமிலமும் கிளைகோலிக் அமிலமும் சேர்ந்த பி.எல்.ஜி.ஏ. என்ற பாலிமரைத் தண்ணீரே மெல்ல வெட்டிடும். மிச்சமாகிற அமிலங்களை உடம்பு சமாளிச்சுக்கும். ரெண்டின் விகிதத்தை மாத்தினா கரையும் நேரம் மாறும். நம்ம பாஷையில, டியூன் பண்ணக்கூடிய ஒரு பாராமீட்டர். 1989-ல் லூப்ரான் டிப்போ அமெரிக்காவில் அனுமதி பெற்றது. புராஸ்டேட் புற்றுநோயாளிகளுக்குத் தினமும் போட்ட ஊசி, மாசம் ஒண்ணு ஆச்சு.

ஆனா இந்த உருண்டைகள் செல்லுக்கு வெளியே நின்னுதான் மருந்தை விடும். உள்ளே போகணும்னா? 1998-ல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள், ஒரு நுண் உருண்டை மேல பிளஸ், மைனஸ் மின்னூட்டம் உள்ள பாலிமர்களை மாத்தி மாத்திப் பூசி, நடு உருண்டையைக் கரைச்சு, வெறும் கூட்டைச் செஞ்சாங்க. 2006-ல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகக் குழு, செல்லுக்குள்ள போனதும் சிதையுற கூடுகளைக் காட்டியது.

இருந்தும் கடைசிக் கதவு கஷ்டமானது. செல் எதை முழுங்கினாலும் முதல்ல ஒரு பைக்குள்ள பூட்டும், அப்புறம் அமிலத்தையும் நொதிகளையும் விட்டுச் செரிக்கப் பார்க்கும். மருந்து அதுக்குள்ள தப்பிச்சாகணும். வயித்துல ஆரம்பிச்ச அதே பிரச்சினைதான், இப்போ செல் அளவுக்குச் சுருங்கி நிக்குது.

எனக்கு இந்தக் கதையில பிடிச்சது, விடை யாரோ ஒருத்தர்கிட்ட மட்டும் இல்லாததுதான். கேள்வி ஒரு சர்ஜனுடையது, முறை ஒரு இன்ஜினியருடையது, பொருள் தையல் நூலுடையது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.