சீனக் கீரைகள்: பெயர்களும் அடையாளமும்

சீனக் கீரைகள் என்பது சீனாவில் நெடுங்காலமாகப் பயிராகிவரும் இலைக்காய்கறிகளுக்கான பொதுப்பெயர். இவற்றில் பல கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒரே கீரைக்குப் பல பெயர்களும், பல கீரைகளுக்கு ஒரே பெயரும் வழங்குகின்றன.

பழம்பெயர்

பண்டைச் சீனத்தில் இவற்றில் ஒரு வகை 'சோங்' எனப்பட்டது. பைன் மரத்தின் சீனப் பெயரும் சோங்தான். அம்மரத்தைப் போலக் குளிரிலும் வாடாமல் நிற்பதால் இப்பெயர் வந்தது எனப் பழைய உரைகாரர்கள் விளக்கினர். 6ஆம் நூற்றாண்டில் ஜியா சிசியே எழுதிய வேளாண்மை நூல், டர்னிப்பைப் பயிரிடும் முறையிலேயே சோங்கையும் பயிரிடலாம் என்கிறது. 1596இல் வெளியான லி ஷிசெனின் மருந்து நூல், சோங் என்பதே மக்கள் 'பைசாய்' என்று வழங்கும் கீரை எனத் தெளிவுபடுத்தியது. பைசாய் என்றால் வெள்ளைக் கீரை.

வெள்ளைக் கீரை இரண்டு

பைசாய் என்ற சொல்லின் கான்டனீய ஒலிப்பே 'பாக் சோய்'. கான்டனீயம் பேசும் தென்சீன மாகாணமான குவாங்டோங்கிலிருந்து புலம்பெயர்ந்தவர்கள் வழியே இது உலகெங்கும் பரவியது. வெண்காம்பும் கரும்பச்சை இலையும் கொண்ட, உருண்டை கட்டாத கீரையை இது குறிக்கும். வட சீனாவிலோ பைசாய் என்றால் இலைகள் நெருங்கி மூடிய நீள்கோஸே முதலில் நினைவுக்கு வரும். இரண்டையும் பிரிக்க மாண்டரினில் பெரிய பைசாய், சிறிய பைசாய் என்பார்கள். பெரியதற்கு அமெரிக்காவில் 'நாப்பா' என்று பெயர். உண்ணும் இலைகளைப் பொதுவாகக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லிலிருந்து வந்தது அது. ஜப்பானியர்களோ அதை 'ஹகுசாய்' என்கிறார்கள். அதன் பொருளும் வெள்ளைக் கீரையே.

கடுகும் கோஸும்

கான்டனீயத்தில் 'கை' என்பது கடுகைக் குறிக்கும். 'கை சோய்' உண்மையிலேயே கடுகுக் கீரை. நம் தாளிப்புக் கடுகின் இனம். 'கைலான்' பெயரிலும் கடுகு இருக்கிறது, ஆனால் அது முட்டைகோஸின் இனம். 'சோய் சம்' என்றால் கீரையின் நெஞ்சு, அதாவது நடுத்தண்டு. பாக் சோய், நாப்பா, சோய் சம், டர்னிப் நான்கும் பிராசிகா ராப்பா என்ற ஒரே சிற்றினம். டர்னிப்பையும் சோங்கையும் ஒரே முறையில் விதைக்கச் சொன்ன பழைய நூலின் அனுபவ அறிவு இங்கே வியக்கவைக்கிறது. இக்குடும்பத்துப் பயிர்களின் மரபணு உறவை 1935இல் தாவரவியலாளர் ஊ நாகஹாரு விளக்கினார்.

நீர்க்கீரை

கடுகுக் குடும்பம் சாராத கீரைகளில் புகழ்பெற்றது மாண்டரினில் 'கோங்சின்சாய்' எனப்படுவது. தண்டின் உள்ளே வெற்றிடம் இருப்பதால் இப்பெயர். நாணலால் பின்னிய மிதவைகளில் இதை வளர்த்த முறையை, 4ஆம் நூற்றாண்டின் ஜி ஹானுடையதாகக் கருதப்படும் தாவர நூல் விவரிக்கிறது. கான்டனீயத்தில் 'ஓங் சோய்', மலாயில் 'கங்கோங்', தாய் மொழியில் 'பாக் பூங்', வியட்நாமில் 'ராவ் முவோங்', தமிழில் வள்ளைக்கீரை: அனைத்தும் ஐப்போமியா அக்வாட்டிகா என்ற ஒரே கொடி.

இனங்காணும் வழி

சந்தையில் பெயரை மட்டும் நம்பாமல் காம்பையும் பூவையும் பார்ப்பதே நல்லது. அகன்ற வெண்காம்பு பாக் சோயின் அடையாளம். மெல்லிய பச்சைத் தண்டும் மஞ்சள் பூவும் இருந்தால் சோய் சம். தடித்த தண்டும் நீலம் படர்ந்த மெழுகுப் பூச்சுள்ள இலையும் கொண்ட கைலானின் பூ பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும்.