பயணம் சொல்லிய கோடை: ஹஜ்ஜுக்கு முந்திய நாட்களின் வரலாறு

ஹஜ் பயணத்தைப் பற்றி எங்கட ஊர்களில் பேசப்படுவதெல்லாம் பெரும்பாலும் புறப்பட்ட நாளிலிருந்துதான் தொடங்கும். கப்பல், கடல், ஜித்தா, மக்கா, மதீனா, பிறகு ஸம்ஸம் தண்ணீரோடு திரும்பி வந்த கதை. அதற்கு முந்திய மாதங்களை யாரும் எழுதி வைக்கவில்லை. வீட்டில் இருந்த நாட்களுக்கு என்ன வரலாறு என்று நினைத்திருக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், மூத்தாப்பாவின் சிட்டைக் கொப்பி என் கைக்கு வரும் வரைக்கும்.

உம்மாவின் வாப்பா 1955ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 1374இல், ஹஜ்ஜுக்குப் போனவர். கல்முனைக்குத் தெற்கே ஒரு கிராமம். கொஞ்சம் வயல், கொஞ்சம் தென்னந்தோட்டம். போடியார் என்று சொல்லுமளவுக்கு இல்லை. பசியில்லாத குடும்பம், அவ்வளவுதான். அவர் வைத்திருந்த கணக்குக் கொப்பி உம்மாவின் அலுமாரியில் பழைய உறுதிகளுக்கு நடுவில் கிடந்தது. எழுத்து முழுக்க அரபுத்தமிழ். எனக்கு ஓதத் தெரியும், ஆனால் அந்தக் கையெழுத்தை எழுத்துக்கூட்டி வாசிக்க ரெண்டு மாதம் பிடித்தது.

கொப்பியின் கடைசிப் பக்கங்களில் மூன்று பிரிவு இருக்கிறது. கொடுக்க வேண்டியது, வர வேண்டியது, மஆப் கேட்க வேண்டியது. முதல் ரெண்டும் எந்த வயல்காரரிடமும் இருக்கும். மூன்றாவது, பயணம் போகிறவரிடம் மட்டும் இருப்பது.

ஒரு வருடம் பிந்திய பயணம்

மூத்தாப்பா முதலில் நிய்யத் வைத்தது 1954ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்கு. கையில் காசு போதாது. மூத்தும்மாவுக்குச் சீதனமாக வந்த வயலை ஈடு வைத்தார். மூத்தும்மாவும் சரி என்றுதான் சொன்னாவாம். எங்கட பகுதியில் வீடும் வளவும் பெண்ணுக்குரியவை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே அந்த வயலில் மூத்தாப்பா உழுதார், விதைத்தார், வெட்டினார்; உறுதி மட்டும் அவருடையதல்ல.

பள்ளிவாசல் ஆலிமிடம் பயணம் சொல்லப் போன இடத்தில் அவர் ஒரு கேள்வி கேட்டாராம். உம்மா அதை இப்படிச் சொல்லுவா: "போற வழியில ஒங்களுக்கு மவுத்து வந்தா அந்த வயல மீட்டுக் குடுக்கிற ஆரு?"

மூத்தாப்பாவிடம் பதில் இருக்கவில்லை. அந்த மாதத்துக்குள்ளேயே ஈட்டுக் காசைத் திருப்பிக் கொடுத்து வயலை மீட்டார். ஹஜ் சக்தியுள்ளவர் மீதுதான் கடமை. அந்தச் சக்திக்குள் வழிச்செலவும், திரும்பி வரும்வரை வீட்டாரின் செலவும், தீர்க்க வேண்டிய கடனும் எல்லாம் அடக்கம். நாங்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், கடமையானவரும் பின்னால் செய்யும் உறுதியோடு ஹஜ்ஜைப் பிற்படுத்த இடமிருக்கிறது. அந்தச் சலுகை ஒரு பெண்ணின் வயலைக் காப்பாற்றியது. கிதாபில் ஒரு வரியாகப் படித்த சட்டம் எங்கட குடும்பத்தில் என்ன வேலை செய்தது என்பதை நான் விளங்கியது அந்தக் கொப்பியில்தான்.

அடுத்த ஒரு வருடத்தில் ரெண்டு போகத்து நெல்லையும், தன் பங்குத் தென்னந்தோட்டத்தையும் விற்றார். 1955 மாசியில் மாரி வேளாண்மை வெட்டிச் சூடு அடித்து முடிந்தபோது காசு சேர்ந்திருந்தது.

கஸ்ஸாலி சொன்ன ஒழுங்கு

அந்த வருடம் அரபா நாள் ஜூலை மாதக் கடைசியில் வந்தது. ரமழான் ஏப்ரல் கடைசியில் தொடங்கி, மே மாதக் கடைசி வாரத்தில் பெருநாள். புறப்பட்டது ஜூனில். ஆக, மாரி அறுவடைக்கும் பயணத்துக்கும் நடுவில் ஒரு கோடை அவருக்குக் கிடைத்தது. கச்சான் காற்று எழும்பி, வளவு மணலெல்லாம் பறக்கிற காலம். அந்த மூன்று மாதமும் அவர் ஊரை விட்டு வெளியே தங்கவில்லை என்று உம்மா சொல்லுவா. அப்போது உம்மாவுக்குப் பன்னிரண்டு வயது.

இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் ஹஜ் பற்றிய பாகத்தில் புறப்படுமுன் செய்ய வேண்டியவற்றை ஒழுங்காகச் சொல்கிறார். தவ்பா செய்தல், அநியாயமாக எடுத்ததை உரியவரிடம் சேர்த்தல், கடனை அடைத்தல், திரும்பி வரும்வரை தன் பொறுப்பில் உள்ளவர்களின் செலவுக்கு வழி செய்தல், கையில் உள்ள அமானிதங்களைத் திருப்பிக் கொடுத்தல், ஹலாலான பொருளில் கட்டுச்சாதம் எடுத்தல், நல்ல துணை தேடுதல், உறவினர் அயலவரிடம் விடைபெற்று துஆ கேட்டல். மூத்தாப்பா இஹ்யா படித்தவரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கொப்பியில் உள்ள வரிகள் ஏறத்தாழ அந்த ஒழுங்கிலேயே போகின்றன. கிதாபு வாசிக்காத வயல்காரனிடமும் பயான் வழியாக, மரபு வழியாக அது வந்து சேர்ந்திருக்கிறது.

கொடுக்க வேண்டியதில் ஒரு கடைக் கணக்கு, முல்லைக்காரர் ஒருவருக்குக் கூலி நெல்லில் குறைந்த நாலு மரைக்கால், யாரோ ஒரு விதவை பாதுகாக்கத் தந்த ஒரு சோடிக் காப்பு. கோடை வேளாண்மை ஏற்கனவே விதைத்தாயிற்று; அறுவடை ஓகஸ்டில், அவர் ஊரில் இல்லாத நேரம். அதை மூத்த மருமகனிடம் ஒப்படைத்து, எத்தனை அவணம் வீட்டுக்கு, எவ்வளவு ஸகாத்துக்கு என்று எழுதியிருக்கிறார். தான் மவுத்தானால் என்ன செய்வது என்று தனிப் பக்கத்தில் வஸிய்யத்.

வர வேண்டியதில் ஐந்து பேர். அதில் மூன்று பேருக்கு நேரே "விட்டது" என்று எழுதியிருக்கிறது. ஏன் விட்டார் என்று எழுதவில்லை.

வரம்புச் சண்டை

மஆப் கேட்க வேண்டிய பட்டியலில் பதினொரு வரி. பத்து வரி வெட்டப்பட்டு, பக்கத்தில் நாள் போடாமல் இருக்கிறது. ஒன்றுக்கு மட்டும் நாள் இருக்கிறது: ரமழான் 27.

அது மூத்தும்மாவின் காக்கா. மூத்தாப்பாவுக்கு மச்சான். ரெண்டு பேருடைய வயலும் பக்கத்துப் பக்கத்தில். ஒரு வரம்பு நகர்ந்தது என்று தொடங்கிய பேச்சு, ஏழு வருடம் ஸலாம் இல்லாமல் போனது. பெருநாளைக்கு மூத்தும்மா மட்டும் காக்கா வீட்டுக்குப் போய் வருவா. மூத்தாப்பா படலையோடு நிற்பாராம். நோன்பு தொடங்கியதிலிருந்து மூன்று தடவை போயிருக்கிறார். ரெண்டு தடவை மச்சான் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு வெளியே வரவில்லை.

இருபத்தேழாம் இரவு தராவீஹ் முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் கை பிடித்திருக்கிறார்கள். அங்கே பேசியதை உம்மா கேட்கவில்லை. பெரியவர்கள் சொல்லித்தான் தெரியும். மச்சான் சொன்னாராம், "வரம்பு நீங்க சொன்ன இடந்தான் மச்சான். எனக்கு அப்பவே தெரியும்." மூத்தாப்பா அதற்கு, "அந்த ரெண்டு முழமும் ஒங்கட பக்கமே இரிக்கட்டும்" என்றாராம். அந்த வரம்பு இன்றைக்கும் அந்தப் பக்கந்தான் இருக்கிறது. நான் போய்ப் பார்த்தேன்.

ஏன் மவுத்துப் போல விடைபெற்றார்கள்

இந்த அளவுக்குக் கணக்குத் தீர்த்தது வெறும் பக்தியினால் மட்டுமல்ல. அந்தப் பயணம் உண்மையாகவே திரும்பாத பயணமாக இருந்த காலம் அவர்களுக்கு நினைவில் இருந்தது. 1865இல் மக்காவில் பரவிய வாந்திபேதி ஹாஜிகளோடு சேர்ந்து எகிப்து வழியாக ஐரோப்பா வரை போனது. அடுத்த ஆண்டு இஸ்தான்புலில் வல்லரசுகள் கூடி அதைப் பற்றியே மாநாடு நடத்தின. 1869இல் சுயஸ் கால்வாய் திறந்தது, நீராவிக் கப்பல் பெருகியது, பயணிகளும் பெருகினார்கள். 1882இல் செங்கடலின் கமரான் தீவில் உஸ்மானிய அரசு தனிமைப்படுத்தும் நிலையம் அமைத்தது. தெற்கிலிருந்து வரும் ஹாஜிகள் அங்கே இறங்கிக் காத்திருந்துதான் ஜித்தாவுக்குப் போக வேண்டும்.

1880இல் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வழியாக வந்த 'ஜித்தா' என்ற கப்பலில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட ஹாஜிகள் இருந்தார்கள். தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியதும் கப்டனும் அதிகாரிகளும் படகில் இறங்கித் தப்பிவிட்டார்கள். கப்பல் மூழ்கிவிட்டது என்று ஏடனில் அறிவித்தார்கள். அடுத்த நாள் அந்தக் கப்பல் ஹாஜிகளோடு ஏடனுக்கு இழுத்து வரப்பட்டது. இப்படியான கடலில் போகிறவர் இஹ்ராம் துணியைக் கபன் என்று நினைத்து மடித்து வைத்ததில் என்ன வியப்பு?

1955இல் நிலைமை எவ்வளவோ தேறியிருந்தது. அம்மைக்கும் வாந்திபேதிக்கும் ஊசி குத்தி அட்டை எடுத்தாயிற்று. வழி மட்டும் நீளம். ஊரிலிருந்து பஸ்ஸில் கல்லடிப் பாலம் கடந்து மட்டக்களப்பு, அங்கிருந்து ரயில், பிறகு தலைமன்னார், அங்கே கப்பலேறி தனுஷ்கோடி, மீண்டும் ரயிலில் மதராஸ், பம்பாய். பம்பாயில் முஸாபிர்கானாவில் காத்திருந்து ஹஜ் கப்பல். யலம்லம் எல்லைக்கு நேரே வரும்போது கப்பலிலேயே இஹ்ராம். போக வர நாலு மாதம்.

தகரப்பெட்டி ஒன்றில் வறுத்த அரிசிமா, மாசிச் சம்பல், தேசிக்காய் ஊறுகாய், கருவாடு, சுக்கு, மல்லி. மூத்தும்மா ஒரு வாரமாக இடித்து வறுத்துக் கட்டியதாம். புறப்படும் அன்று மவ்லூது ஓதி, கந்தூரிச் சோறு. ரெண்டு றக்அத் தொழுதுவிட்டு வாசலுக்கு வந்தபோது, ஊர் பூரா பைத் படித்துக்கொண்டு பஸ் நிற்கும் சந்தி வரைக்கும் வந்தது. மச்சான் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். ஏழு வருடம் பேசாதவர்.

வீட்டில் இருந்தவர்

போகிறவருக்குத்தான் மவுத்து வரலாம் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஓகஸ்ட் மாதம் கோடை வேளாண்மை வெட்டும் நேரம் மச்சான் களவெட்டியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்து, அஸருக்குள் மவுத்தாகிவிட்டார். மூத்தாப்பாவுக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. ஒக்டோபரில் மட்டக்களப்பு ஸ்டேஷனில் இறங்கியபோதுதான் மருமகன் சொன்னார்.

இதை எழுதும்போது எனக்கு இப்னு பதூதா நினைவுக்கு வருகிறார். 1325இல் இருபத்தொரு வயதில், தாயும் தகப்பனும் உயிரோடு இருக்க, தஞ்சா நகரிலிருந்து தனியே ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர். 1344இல் புத்தளத்தில் இறங்கிப் பாவா ஆதம் மலைக்கு ஏறியதை நாங்கள் பெருமையோடு எழுதுகிறோம். 1348இல் டமஸ்கஸில் வைத்துத்தான், வாப்பா மவுத்தாகிப் பதினைந்து வருடம் என்று அவருக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டு ஊரை நெருங்கும்போது, உம்மாவும் கொள்ளைநோயில் மவுத்தானதை அறிந்தார். உலகம் பார்த்தவரின் வரலாற்றில் வீட்டில் இருந்தவர்களுக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

மூத்தாப்பா ஊருக்கு வந்ததும் முதலில் போனது மையவாடிக்கு. பெட்டியைப் பிறகுதான் திறந்தார்கள். ஸம்ஸம் தகரத்தில் முதல் கிண்ணம் மச்சானின் பெண்சாதிக்கு. "அந்த நோம்புல கை புடிக்காட்டி நான் மக்காவுக்குப் போயும் என்னத்துக்கு" என்று அவர் சொன்னது உம்மாவுக்கு நல்ல நினைவு.

மூத்தும்மா ஹஜ்ஜுக்குப் போகவேயில்லை. ரெண்டு பேருக்குக் காசு சேரவில்லை. பிறகு சேர்ந்தபோது மூத்தாப்பா உயிரோடில்லை. அவவுக்காகப் பதல் ஹஜ் செய்யப்பட்டது, மாமாவால், அதே சீதன வயலின் வருமானத்தில்.

இப்போது கட்டுநாயக்கவில் ஏறினால் அதே நாளில் ஜித்தா. எங்கட பெண்களும் நிறையப் பேர் போகிறார்கள். அது நல்ல மாற்றம், அந்தக் காலத்தை நினைத்து ஏங்க எனக்கு ஆசையில்லை. ஆனால் மஆப் கேட்பது இப்போது வட்ஸ்அப்பில் எல்லாருக்கும் ஒரே குரல்பதிவாக வருகிறது. எல்லாரிடமும் கேட்டால், வரம்பைத் தள்ளியவரிடம் தனியே கேட்க வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது. மூத்தாப்பாவின் பட்டியலில் இருந்தது பதினொரு பேர்தான். ஒவ்வொருவர் படலைக்கும் அவர் நடந்து போனார். ஒரு படலைக்கு மூன்று தடவை.

இந்தக் கொப்பியைப் போன்றவை இன்னும் பல வீடுகளில் இருக்கும். அரபுத்தமிழ் வாசிக்கத் தெரியாததால் ஓதுகிற தாளென்று நினைத்து மையவாடியில் புதைப்பதும் நடக்கிறது. புதைக்கும் முன் ஒருதரம் வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். எங்கட ஊர்களின் காணியும் கடனும் கோபமும் மன்னிப்பும் அதில் எழுதப்பட்டிருக்கக் கூடும்.